கேஷ்பேக்னு வர்ற காசு யாரோடது?

தங்கச்சிக்கு லேப்டாப் வாங்கி 3 மாசம் ஆச்சு. லேப்டாப் நல்லா ஓடுது, அதுல ஒரு குறையும் இல்ல. அதுக்கு வர வேண்டிய கேஷ்பேக்தான் வரல. நான் 6 வருஷமா கேஷ்பேக் சைட் யூஸ் பண்றேன், எதை வாங்கினாலும் மொதல்ல அங்க போய் கடை பேரைத் தேடி, அந்த பட்டனை அமுக்கி, அது வழியாதான் கடைக்குள்ள போவேன், ஆட் பிளாக்கரை ஆஃப் பண்ணிடுவேன், குக்கீ, அதாவது பிரௌசர்ல ஒரு சின்னக் குறிப்பு போட்டு வச்சுக்கட்டுமான்னு கேட்டா சரின்னு கொடுப்பேன், கார்ட்ல பழசு ஏதாவது கிடந்தா காலி பண்ணிட்டுத்தான் புதுசா போடுவேன், இத்தனையும் பழகின எனக்கே ஒரு பெரிய தொகை கைநழுவிப் போச்சுன்னா புதுசா வர்றவங்களுக்கு எவ்வளவு போயிருக்கும்னு நெனச்சப்போதான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

நடந்தது இதுதான். கேஷ்பேக் சைட்ல லேப்டாப்புக்கு 5 சதவீதம் போட்டிருந்தாங்க. நான் லிங்க்கை கிளிக் பண்ணி கடையை ஓபன் பண்ணிக் கொடுத்துட்டு, அட்ரஸ் எல்லாம் அவளே போட்டுக்கட்டும்னு என்னோட லேப்டாப்பை அவ கையில கொடுத்துட்டேன். ஆர்டர் ஆயிடுச்சு. வழக்கமா ஒண்ணு ரெண்டு நாள்ல 'உங்க பர்ச்சேஸ் டிராக் ஆயிடுச்சு'ன்னு ஒரு மெயில் வரும். வரல. ஒரு வாரம் பார்த்தேன், அப்புறம் மிஸ்ஸிங் கேஷ்பேக் க்ளெய்ம் போட்டேன், ஆர்டர் நம்பர், இன்வாய்ஸ், எத்தனை மணிக்கு கிளிக் பண்ணேன் எல்லாம் கேட்டாங்க, எல்லாத்தையும் அனுப்பினேன். ரெண்டு மாசத்துக்கு மேல ஆனதுக்கப்புறம் பதில் வந்துச்சு, இந்த ஆர்டர் வேற ஒரு பார்ட்னர் மூலமா வந்ததா கடையில பதிவாகியிருக்கு, அதனால எங்களுக்கு கமிஷன் வரல, உங்களுக்கும் தர முடியலன்னு.

வேற எந்த பார்ட்னர்? நான் ஒரே ஒரு லிங்க்தானே கிளிக் பண்ணேன்? தங்கச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன், "பேமென்ட் போடறப்போ வேற எதையாவது அமுக்கினியாடி?"

"இல்லக்கா. கூப்பன் தேடட்டுமான்னு ஓரத்துல ஒண்ணு வந்துச்சு, சரின்னு கொடுத்தேன். சுத்திக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் ஒரு கூப்பனும் கிடைக்கலன்னு சொல்லுச்சு. மூடிட்டேன்க்கா, அவ்வளவுதான்."

அவ்வளவேதான். எப்பவோ நான் போட்டுட்டு மறந்துபோன ஒரு கூப்பன் எக்ஸ்டென்ஷன் அது, கூப்பன் தேடித் தர்றேன்னு பிரௌசரோட ஒட்டிக்கிற ஒரு குட்டி புரோகிராம். ஒரு கூப்பனும் தேடித் தரல, ஆனா கடைசி நிமிஷத்துல உள்ள வந்து 'இந்தக் கஸ்டமரைக் கூட்டிட்டு வந்தது நான்தான்'னு கடைகிட்ட பேரைப் பதிவு பண்ணிட்டுப் போயிடுச்சு. அவமேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அந்த இடத்துல நான் இருந்திருந்தாலும் அதையேதான் அமுக்கியிருப்பேன்.

இது ஏன் இப்படி நடக்குதுன்னு புரியணும்னா கேஷ்பேக்குங்கிறது என்ன காசுன்னு மொதல்ல புரியணும். நிறைய பேர் அதை கடை கொடுக்கிற தள்ளுபடின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அது தள்ளுபடி இல்லைங்க, தரகு. நீங்க ஒரு கடைக்கு ஆள் அனுப்பினா, அந்த ஆள் ஏதாவது வாங்கினா, கடை உங்களுக்கு ஒரு கமிஷன் தரும், இதுக்குப் பேருதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். அமேசான் 1996லயே இதை ஆரம்பிச்சுட்டாங்க, புத்தகம் பத்தி எழுதற வெப்சைட்காரங்க லிங்க் போடட்டும், அது வழியா வித்தா அவங்களுக்கு ஒரு பங்கு, அப்படின்னு. கேஷ்பேக் கம்பெனி பண்றது என்னன்னா அதே தரகரா தன்னைப் பதிவு பண்ணிக்கிட்டு, கடைகிட்ட வாங்கற கமிஷன்ல ஒரு பகுதியை வாங்கினவங்களுக்கே திருப்பிக் கொடுத்துடறது. கடைக்கும் இவங்களுக்கும் நடுவுல பெரும்பாலும் அஃபிலியேட் நெட்வொர்க்னு இன்னொரு கம்பெனியும் இருக்கும், கணக்கைப் பார்த்துக்கறது அவங்க வேலை, அதுக்கு அவங்களுக்கும் ஒரு பங்கு.

இதைக் கண்ணால பார்க்கணும்னா ஒரு தடவை கேஷ்பேக் சைட்ல பட்டனை அமுக்கிட்டு மேல அட்ரஸ் பாரையே உத்துப் பாருங்க. கடை பேரு வர்றதுக்கு முன்னாடி ஒரு செகண்டுக்குள்ள வேற ரெண்டு மூணு அட்ரஸ் மின்னி மறையும். நெட் ஸ்லோவா இருக்கிற நாள்ல நல்லாவே தெரியும். அதுல ஒண்ணு நெட்வொர்க்கோட அட்ரஸ். கடைசியில கடைக்குள்ள வந்து நின்னதும் அட்ரஸ்ல ஒரு கேள்விக்குறி இருக்கும், அதுக்குப் பின்னாடி எழுத்தும் நம்பரும் கலந்து நீளமா ஒரு வால் தொங்கும். அந்த வாலுக்குள்ளதான் நீங்க இருக்கீங்க. இந்த கிளிக் இந்த கேஷ்பேக் கம்பெனியோடது, அதுல இந்த மெம்பரோடதுங்கிற அடையாளம் அது, அதை ஒரு குக்கீயா உங்க பிரௌசர்ல போட்டு வச்சுக்குவாங்க. நீங்க காசு கட்டி முடிச்சு 'நன்றி, ஆர்டர் ஆயிடுச்சு'ன்னு பக்கம் வருதுல்ல, அந்தப் பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன புரோகிராம் அந்த அடையாளத்தை எடுத்து நெட்வொர்க்குக்கு அனுப்பிடும், இப்போ சில கடைங்க சர்வர்ல இருந்தே நேரா அனுப்பிடறாங்க. அந்தத் தகவல் போகலன்னா நீங்க வாங்கினதே அவங்களுக்குத் தெரியாது. ஆட் பிளாக்கர் போட்டிருந்தா போகாம நிக்கிறது இங்கதான். பிரௌசர்ல கிளிக் பண்ணது போன்ல அந்தக் கடையோட ஆப்புக்குத் தாவிடுச்சுன்னா சில சமயம் வால் அறுந்துபோறதும் இங்கதான். சஃபாரி 2017ல இருந்தே இந்த மாதிரி குக்கீங்களை இறுக்கிக்கிட்டே வந்து 2020ல மூணாவது ஆள் போடற குக்கீயை மொத்தமா நிறுத்திட்டாங்க, நம்ம பிரைவசிக்கு அது நல்லதுதான், ஆனா பழைய முறையிலயே டிராக் பண்ற கடைங்ககிட்ட கேஷ்பேக் காணாம போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போ என் தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். ஒரே ஆர்டருக்கு ரெண்டு மூணு தரகர் சொந்தம் கொண்டாடினா யாருக்குக் காசு? இந்தத் தொழில்ல ரொம்ப காலமா இருக்கிற வழக்கம், கடைசியா யார் லிங்க் கிளிக் ஆச்சோ அவங்களுக்குத்தான் முழுக்க. லாஸ்ட் கிளிக்னு சொல்வாங்க. ஒருத்தர் ஒரு மாசம் அந்தப் பொருளை யூஸ் பண்ணி, போட்டோ எடுத்து, பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு அளந்து ரிவ்யூ எழுதியிருப்பாரு, நீங்க அவரோட லிங்க் வழியாத்தான் கடைக்கே போயிருப்பீங்க, காசு கட்டப்போற நேரத்துல ஒரு எக்ஸ்டென்ஷன் பாப்-அப்பை அமுக்கினீங்கன்னா அவ்வளவுதான், அவர் பேரு அழிஞ்சு அதோட பேரு ஏறிடும்.

2024 டிசம்பர்ல மெகாலேக்னு ஒரு யூடியூபர் ஹனிங்கிற கூப்பன் எக்ஸ்டென்ஷன் பத்தி வீடியோ போட்டப்போ அவ்வளவு பேர் கொதிச்சது இதனாலதான். ஹனி 2012ல ஆரம்பிச்ச கம்பெனி, பேபால் அதை சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கறோம்னு 2019ல அறிவிச்சாங்க. கூப்பன் ஒண்ணும் கிடைக்காதப்போகூட, அந்தப் பெட்டியை நீங்க கிளிக் பண்ணி மூடினாலே ஹனி தன்னோட அஃபிலியேட் அடையாளத்தைப் போட்டுக்குதுங்கிறதுதான் அந்த வீடியோ வச்ச குற்றச்சாட்டு. லாஸ்ட் கிளிக் உட்பட இந்தத் துறையோட விதிமுறைப்படிதான் நடந்துக்கறோம்னு பேபால் தரப்புல சொன்னாங்க. யூடியூபர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச்ல கூகுள் குரோம் எக்ஸ்டென்ஷனுக்கான விதியை மாத்தி, யூஸருக்கு நேரா ஒரு பலன் கொடுக்காம அஃபிலியேட் லிங்க்கைப் போடக்கூடாதுன்னு கொண்டுவந்தாங்க. அந்த வீடியோ வந்தப்போ நானும் முழுசா பார்த்தேன், யூடியூபர்களுக்கு நடந்த அநியாயம்னு மட்டும்தான் எடுத்துக்கிட்டேன், என் பிரௌசர்லயும் அந்த ஜாதியில ஒண்ணு உக்காந்திருக்கு, அது எனக்கு வர்ற காசையும் தடுக்கும்னு எனக்கு அப்போ உறைக்கல.

காசு ஏன் இவ்வளவு லேட்டா வருதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. 'பெண்டிங்'னு 60 நாள், 90 நாள் நிக்கும், ஹோட்டல் புக்கிங்னா நீங்க போய் தங்கிட்டு வந்த பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கும். நீங்க பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டா கடை கமிஷன் தராது, அதனால ரிட்டர்ன் நாள் முடியற வரைக்கும் யாரும் எதையும் உறுதி பண்ண மாட்டாங்க. அது முடிஞ்சு கடை நெட்வொர்க்குக்குக் கட்டணும், நெட்வொர்க் கேஷ்பேக் கம்பெனிக்குக் கட்டணும், அப்புறம்தான் நமக்கு. நடுவுல ஒருத்தர் இழுத்தடிச்சாலும் மொத்தமும் நிக்கும். அதனால பெண்டிங்ல இருக்கிற தொகையை நம்ம காசுன்னு மனசுல எழுதி வச்சுக்காதீங்க, 'கன்ஃபர்ம்டு'ன்னு மாறினப்புறம்கூட பேங்க்குக்கு வந்தாத்தான் காசு.

எவ்வளவு சதவீதம்ங்கிறதும் நம்ம ராசி இல்ல, அந்தப் பொருள்ல கடைக்கு எவ்வளவு நிக்குதோ அதைப் பொறுத்தது. எலக்ட்ரானிக்ஸ்ல லாபம் கம்மி, அதனால கேஷ்பேக்கும் ஒண்ணு ரெண்டுன்னு கம்மியாத்தான் இருக்கும், லேப்டாப்புக்கு போட்டிருந்த 5 எல்லாம் ஏதோ ஆஃபர் நாள்ல போட்டது. துணிமணி, அழகு சாமான்ல கூடும். வெப் ஹோஸ்டிங், ஆன்ட்டி வைரஸ், விபிஎன் மாதிரி விஷயத்துல பாதிக்கு மேலகூட திருப்பிக் கொடுப்பாங்க, ஒரு தடவை கஸ்டமர் உள்ள வந்துட்டா வருஷா வருஷம் ரினியூவல்ல எடுத்துக்கலாம்னு அவங்களுக்குத் தெரியும். 'வரை'ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுடாதீங்க. '12 சதவீதம் வரை'ன்னா அந்த 12 புது கஸ்டமருக்கு, அதுவும் ஒரு பிரிவுக்கு மட்டும்னு உள்ள எழுதியிருக்கும்.

இந்த யோசனையே புதுசு இல்ல. 1896லயே அமெரிக்காவுல ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன்னு ஒரு கம்பெனி பச்சை ஸ்டாம்ப் விட்டாங்க, கடைக்காரங்க அந்த ஸ்டாம்பைக் காசு கொடுத்து வாங்கி கஸ்டமருக்குத் தருவாங்க, வீட்டுல அதைப் புக்ல ஒட்டி ஒட்டிச் சேர்த்து நிறைஞ்சதும் பொருளா மாத்திக்கலாம். ஒட்டாம தொலைஞ்ச ஸ்டாம்ப் எல்லாம் கம்பெனிக்கு லாபம். 1986ல அங்கயே டிஸ்கவர்னு ஒரு கிரெடிட் கார்டு, செலவு பண்ணதுல கொஞ்சம் திருப்பித் தர்றோம்னு வந்தாங்க. ஆன்லைன்ல 1998ல அமெரிக்காவுல ஈபேட்ஸ்னு ஒரு கேஷ்பேக் சைட் வந்துச்சு, அதை ஜப்பானோட ரகுடென் 2014ல சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கி 2019ல பேரையே ரகுடென்னு மாத்திட்டாங்க. பிரிட்டன்ல க்விட்கோ, டாப்கேஷ்பேக் ரெண்டுமே 2005. இந்தியாவுல கேஷ்கரோ 2013, அதுல 2016ல ரத்தன் டாடா தன்னோட சொந்தக் காசைப் போட்டாரு. சும்மா கொடுக்கிற தொழிலா இருந்தா இத்தனை வருஷம் நிக்காது, இவ்வளவு விலைக்கும் போகாது.

பின்ன எங்க சம்பாதிக்கிறாங்க? கமிஷன்ல நமக்குக் கொடுத்தது போக மிச்சம் ஒண்ணு. வாங்கின கமிஷன் முழுசையும் கொடுக்கிறோம்னு சொல்ற சைட்டுக்கும் கடைங்க தனியா விளம்பரக் காசு தரும், முகப்புல பெருசா தெரியற கடை சும்மா அங்க வரல. கேஷ்பேக்கை கிஃப்ட் கார்டா எடுத்தா கூடுதலா தர்றோம்பாங்க, மொத்தமா வாங்கறப்போ அவங்களுக்கு கார்டு கம்மி விலைக்குக் கிடைக்கும், அதுல நமக்குக் கொஞ்சம், அவங்களுக்குக் கொஞ்சம், இதுல தப்பு இல்ல, அந்தக் கடையில நீங்க எப்படியும் வாங்கறவங்கன்னா எடுத்துக்கலாம். எனக்குப் பிடிக்காதது மினிமம் தொகை. இவ்வளவு சேர்ந்தாத்தான் எடுக்க முடியும்னு வச்சிருப்பாங்க, அதுல கொஞ்சம் குறைச்சலா நின்னு போன அக்கவுண்ட் எவ்வளவு இருக்கும்னு நெனச்சுப் பாருங்க, அந்தக் காலத்து ஒட்டாத ஸ்டாம்ப் மாதிரிதான் அது. சில சைட்ல ரொம்ப நாள் எதுவும் வாங்காம இருந்தா பேலன்ஸ்ல இருந்து கழிக்கவும் செய்வாங்க. எங்க அம்மாவுக்கு ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணிக் கொடுத்தேன், 4 வருஷம் கழிச்சுப் பார்த்தா மினிமம் தொகைக்குப் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு இருந்துச்சு, அதை எடுக்கறதுக்காக இன்னொண்ணு வாங்கலாமான்னு அவங்க கேட்டாங்க. வேண்டாம்மான்னு சொல்லிட்டேன். அந்தக் கேள்வியை மக்கள் மனசுல வரவைக்கிறதுதான் அந்த மினிமம் தொகையோட வேலையே.

அப்புறம் டேட்டா. எக்ஸ்டென்ஷன் போடறப்போ 'எல்லா வெப்சைட்லயும் உங்க தகவலைப் படிக்கவும் மாத்தவும்' அனுமதி கேக்கும், யாரும் அதைப் படிக்கறதில்ல. எந்தப் பக்கத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தானே இங்க கேஷ்பேக் இருக்குன்னு அதால சொல்ல முடியும், அதனால கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஆனா மருந்து தேடறதும் கடன் தேடறதும் அதே பிரௌசர்லதானே. நான் இப்போ எல்லா எக்ஸ்டென்ஷனையும் எடுத்துட்டேன். பர்ச்சேஸுக்குன்னு தனியா ஒரு பிரௌசர் ப்ரொஃபைல் வச்சிருக்கேன், அதுல எக்ஸ்டென்ஷன் ஒண்ணும் கிடையாது, கேஷ்பேக் சைட்டுக்கு நேரா போய் கிளிக் பண்ணி, வேற டேப் எதையும் திறக்காம, அந்த சைட்ல போட்டிருக்கிற கூப்பன் தவிர வேற கூப்பன் போடாம, ஒரே மூச்சுல வாங்கி முடிச்சுடறேன். கிளிக் பண்ண நேரத்தையும் ஆர்டர் நம்பரையும் ஒரு ஷீட்ல குறிச்சுக்கிறேன், க்ளெய்ம் போடற கடைசித் தேதியை நாம மறந்துடுவோம், ஷீட் மறக்காது.

ஒண்ணு மட்டும் ரொம்ப அழுத்திச் சொல்றேன். கேஷ்பேக் தர்றோம், அதுக்கு மொதல்ல நீங்க ஒரு தொகை கட்டுங்க, டாஸ்க் முடிங்க, மேல கட்டுங்க, மொத்தமா திருப்பித் தர்றோம்னு யாராவது மெசேஜ் அனுப்பினா அது இந்தத் தொழிலே கிடையாது, மோசடி. நிஜமான கேஷ்பேக் கம்பெனிக்குக் காசு வர்றது கடைகிட்ட இருந்து, நீங்க காசு கட்டறது கடைக்கு மட்டும்தான். மொதல் ரெண்டு தடவை சின்னத் தொகையைத் திருப்பிக் கொடுத்து நம்ப வச்சுட்டு அப்புறம் பெருசா விழுங்குவாங்க. வீட்டுல பெரியவங்களுக்கும் காலேஜ் போற பிள்ளைங்களுக்கும் இதை வாய்விட்டுச் சொல்லி வைங்க.

நான் கேஷ்பேக்கை விடல, விடப்போறதும் இல்ல. கணக்குப் பார்த்தா இந்த 6 வருஷத்துல எனக்கு நல்ல தொகை திரும்பி வந்திருக்கு. ஆனா ஒரு விஷயத்துல மாறிட்டேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறதுன்னு சொல்வாங்கல்ல, அந்தத் தேங்காய் யாரோடதுன்னு இத்தனை நாள் நான் கேட்டதே இல்ல. நான் கடைசி நிமிஷத்துல கேஷ்பேக் சைட்ல கிளிக் பண்றப்போ, எனக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் லிங்க் இருந்தா அதை அழிச்சுட்டுத்தான் என் காசு வருது. தங்கச்சிக்கு லேப்டாப் வாங்கினப்போ அந்த எக்ஸ்டென்ஷன் எனக்குப் பண்ணதை நான் எத்தனை ரிவ்யூ எழுதறவங்களுக்குப் பண்ணியிருக்கேனோ.

அந்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்ததே அப்படித்தான். தனியாளா ஒருத்தர் நடத்தற ரிவ்யூ பிளாக், விளம்பரமே இருக்காது, கீபோர்டு எவ்வளவு அழுத்தணும், ஃபேன் எவ்வளவு சத்தம் போடுதுன்னு அளந்து அளந்து எழுதியிருப்பாரு, மூணு நாள் நானும் தங்கச்சியும் அதை உக்காந்து படிச்சோம். கீழே அவரோட லிங்க் இருந்துச்சு, இதுல வாங்கினா எனக்கு ஒரு சின்னக் கமிஷன் வரும்னு நேர்மையா எழுதியும் வச்சிருந்தாரு. நான் அதை விட்டுட்டு கேஷ்பேக் சைட்டுக்குப் போனேன்.

போன வாரம் ஹெட்ஃபோன் வாங்க வேண்டியிருந்துச்சு. அவர் எழுதினதைப் படிச்சுத்தான் முடிவு பண்ணோம். கேஷ்பேக் சைட்ல அதுக்கு 3 சதவீதம் இருந்துச்சு. அவர் பக்கத்துக்குத் திரும்பிப் போய், கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி அவரோட லிங்க்கை கிளிக் பண்ணேன். தங்கச்சி பக்கத்துல உக்காந்து அட்ரஸ் பாரைப் பார்த்துக்கிட்டே இருந்தா. "அக்கா, அந்த வாலு வந்துடுச்சு"ன்னா. வாங்கினது யாருன்னு அவருக்குத் தெரியாது, அவரோட ரிப்போர்ட்ல பேரெல்லாம் வராது, ஹெட்ஃபோன் ஒண்ணுன்னு ஒரு வரி மட்டும் ஏறியிருக்கும், ரிட்டர்ன் நாள் முடியற வரைக்கும் அவருக்கும் அது பெண்டிங்லதான் நிக்கும்.